ஆடுகளத்தில் தலைவர், சமுதாயத்தில் தொண்டர்
மௌலானா ஷவ்கத் அலி அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை



 

சில மாதங்களுக்கு முன்னர், அஸர் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தையார் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவர். கல்லூரிக் கிரிக்கெட் அணியில் இடம் பெற்றிருந்தார். மாணவர் மன்றத்திலும் ஒரு பொறுப்பை ஏற்றிருந்தார். மாலை நேரம் முழுவதும் மைதானத்திலும் கூட்டங்களிலும் கழிகிறதென்றும், அந்த நேரத்தில் கம்பெனிக்கு வந்து கட்டிங் டேபிள் அருகே நின்றாலாவது தொழில் பழகலாமே என்றும் தந்தையார் வருந்தினார். நான் அதிகம் யோசிக்கவில்லை. தந்தையின் சொல்லைக் கேட்டு நடக்குமாறு அந்த இளைஞருக்குச் சுருக்கமாக அறிவுரை கூறி அனுப்பிவிட்டேன். அவர் தலைகுனிந்து சென்றார்.

அதன் பின்னர் இவ்வாண்டு மலருக்கென ஒரு கட்டுரை எழுத வேண்டி, கிலாஃபத் இயக்க வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் மௌலானா ஷவ்கத் அலி அவர்களின் இளமைப் பருவத்தைப் படித்தபோது, அன்று அஸருக்குப் பின் நான் கூறிய அறிவுரை அவசரத்தில் கூறப்பட்டது என்பதை உணர்ந்தேன். கல்லூரி விளையாட்டும் மாணவர் பொறுப்பும் ஒரு மனிதரை எவ்வாறு உருவாக்குகின்றன, எந்த இடத்தில் அவை மட்டும் போதாமல் போகின்றன என்பதற்கு அவர்களுடைய வாழ்வைவிடத் தெளிவான சான்று வேறொன்று எனக்குத் தென்படவில்லை. ஆகவே அவர்களைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

தாயின் நகைகள்

அலி சகோதரர்கள் என்று வரலாறு போற்றும் இருவரில் மூத்தவர் ஷவ்கத் அலி. இளையவர் முஹம்மது அலி ஜவ்ஹர். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள ராம்பூர் அக்காலத்தில் ஒரு நவாபின் சமஸ்தானமாக இருந்தது. அங்கே 1873-ஆம் ஆண்டு ஷவ்கத் அலி பிறந்தார்கள். தந்தையார் அப்துல் அலி கான் அவர்கள் இளவயதிலேயே காலரா நோய்க்கு இரையானார். தாயார் ஆபாதி பானு பேகம், முப்பது வயதுகூட நிறைவடையாத நிலையில், குழந்தைகளுடன் விதவையானார். பிற்காலத்தில் இந்திய மக்கள் அனைவரும் பீ அம்மா என்று அன்புடன் அழைத்த மாதரசி இவர்தாம்.

பீ அம்மாவுக்கு எழுதப் படிக்கும் வாய்ப்பு இளமையில் கிட்டவில்லை. ஆனால் தம் மக்கள் கற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். ஆங்கிலக் கல்வி பிள்ளைகளின் ஈமானைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய காலம் அது. குடும்பச் சொத்தைக் கவனித்து வந்த உறவினர் அந்தப் படிப்புக்குப் பணம் தர மறுத்தபோது, அந்தத் தாய் தம் நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளைப் பரேலி நகரத்துப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கிருந்து அவர்கள் அலிகர் கல்லூரியை அடைந்தார்கள்.

அலிகரின் மாலை நேரம்

சர் சையித் அஹ்மத் கான் அவர்கள் 1875-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1877-இல் கல்லூரியாக உயர்த்திய முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியே பின்னர் 1920-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அக்கல்லூரியின் நோக்கம் வகுப்பறைப் பாடத்துடன் முடிந்துவிடவில்லை. 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின் நொறுங்கிக் கிடந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளை நிமிர்ந்து நடக்கச் செய்ய வேண்டும் என்பதே சர் சையித் அவர்களின் கவலை. ஆகவேதான் மாணவர்கள் விடுதியில் ஒன்றாகத் தங்கினர். ஒரே கூடத்தில் உண்டனர். ஒரே விதமான கறுப்பு அங்கியும் சிவப்புத் துருக்கித் தொப்பியும் அணிந்தனர். தொழுகைக்கு வருவதும் விடுதி ஒழுங்கின் ஒரு பகுதியாக இருந்தது. ஸுன்னத் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களும் ஷியா பிரிவினரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தனர்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு அமைப்புகள் முதன்மை பெற்றிருந்தன. ஒன்று கிரிக்கெட் குழு. 1878-இல் அதனைத் தொடங்கி வைத்தவர், கணிதப் பேராசிரியராகப் பணியாற்றிய ராம சங்கர் மிஸ்ரா என்ற இந்து அறிஞர். மற்றொன்று, 1884-இல் உருவான சித்தன்ஸ் யூனியன் என்ற மாணவர் மன்றம். கல்லூரியின் முதல் முதல்வரின் பெயரைத் தாங்கிய அம்மன்றத்தை, அடுத்து முதல்வராக வந்த தியோடர் பெக், தாம் பயின்ற கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு வளர்த்தார். மாணவர்கள் அங்கே முறைப்படி விவாதித்தனர். எதிர்க்கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும், வாக்கெடுப்பில் தோற்றால் அதனை ஏற்றுக்கொள்ளவும் பழகினர்.

ஷவ்கத் அலி அவர்கள் புத்தகப் புழு அல்லர். அந்தச் சிறப்பு இளையவரான முஹம்மது அலிக்கே உரியது. மூத்தவருக்கு அல்லாஹ் வழங்கியிருந்தது ஆறடிக்கும் மேற்பட்ட ஓங்கிய உடற்கட்டும், எவரையும் அணைத்துக்கொள்ளும் பெரிய மனமும், ஆட்டத்தின்மீது தணியாத ஆர்வமும். கல்லூரிக் கிரிக்கெட் அணியின் தலைவர் என்ற பொறுப்பு அவர்களிடம் வந்து சேர்ந்தது. அக்காலத்து அலிகரில் அணித் தலைவர் என்பவர் வெறும் ஆட்டக்காரராக மதிக்கப்படவில்லை. மாணவர் சமூகம் முழுவதற்கும் மூத்த சகோதரராகவே மதிக்கப்பட்டார்.

சகோதரர்களே, அணித் தலைவரின் வேலை எதுவெனச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பதினொரு பேரில் ஒருவர் வேகமாகப் பந்து வீசுவார். ஒருவர் நிதானமாக மட்டையைப் பிடிப்பார். இன்னொருவருக்கு எதுவுமே சிறப்பாக வராது, ஆனால் எல்லைக் கோட்டருகே நாள் முழுவதும் சலிக்காமல் ஓடுவார். நவாபின் மகனும் ஏழை எழுத்தரின் மகனும் ஒரே அணியில் நிற்பார்கள். அவரவர் தகுதியறிந்து இடமளிக்க வேண்டும். பந்தைத் தவறவிட்டவரைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தாமல், தனியே அழைத்துத் திருத்த வேண்டும். தோல்வி வந்தால் அதைத் தன் தோளில் ஏற்க வேண்டும். வெற்றி வந்தால் அதனை அனைவருக்கும் பங்கிட வேண்டும். நடுவர் கையை உயர்த்திவிட்டால் மனம் ஒப்பாவிடினும் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். இவற்றைப் பாடப்புத்தகம் கற்பிப்பதில்லை. இருபது வயதில் இவற்றைப் பழகியவருக்கு நாற்பது வயதில் ஒரு சமுதாயத்தைக் கூட்டி நடத்தும் கலை கைவருகிறது. ஷவ்கத் அலி அவர்களின் வாழ்வில் அதுவே நிகழ்ந்தது.

இடையில் ஒரு நீண்ட காலம்

ஆனால் அது உடனே நிகழ்ந்துவிடவில்லை. நம் இளைஞர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

பட்டம் பெற்ற ஷவ்கத் அலி 1896-இல் ஆங்கில அரசின் அபினித் துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 17 ஆண்டுகள் அப்பணியில் கழிந்தன. விலையுயர்ந்த ஆங்கில உடைகள், நல்ல ஊதியம், அதிகாரிகளுடன் பழக்கம், ஓய்வு நேரத்தில் விளையாட்டு என்று வாழ்வு ஓடியது. மக்களைப் போதையில் ஆழ்த்தும் ஒரு பொருளை விளைவித்து விற்பதில் அரசுக்குத் துணை நிற்கும் பணி அது. அணியை நடத்தத் தெரிந்தவருக்கு, தாம் எந்த அணியில் நிற்கிறோம் என்ற கேள்வி அன்று எழவில்லை.

மைதானம் ஒருவருக்குத் துணிவைத் தரும், ஒழுங்கைத் தரும், தோழமையைத் தரும். அந்தத் துணிவையும் ஒழுங்கையும் எதற்காகச் செலவிட வேண்டும் என்பதை மைதானம் சொல்லித் தராது. அதனை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

எனினும் அந்த ஆண்டுகளில் இரண்டு நற்செயல்களை நாம் மறந்துவிடக் கூடாது. முதலாவது, தம்பியைப் படிக்க வைத்தது. அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பட்டத் தேர்வில் சிறந்து விளங்கிய முஹம்மது அலியை 1898-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்புவதற்கான செலவுக்கு வழி செய்தவர் அண்ணன்தாம். தம்பி அங்கே ஐ.சி.எஸ். தேர்வில் வெற்றி பெறவில்லை. ஆயினும் வரலாற்றில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1911-இல் கல்கத்தாவில் காம்ரேட் என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கி நாடறிந்த எழுத்தாளரானார்.

இரண்டாவது, படித்த கல்லூரியை மறவாதது. அலிகர் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளராக ஷவ்கத் அலி பணியாற்றினார்கள். கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்துவதற்காக ஆகா கான் அவர்கள் 1911-இல் நிதி திரட்டப் புறப்பட்டபோது, அவருடன் ஊர் ஊராகச் சென்று உழைத்தார்கள். வாசலில் நின்று சமுதாயத்திற்காகக் கையேந்தும் பழக்கம் அப்போதுதான் அவர்களுக்கு ஏற்பட்டது. சந்தா வசூலுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் நம் நிர்வாகிகளுக்கு அந்த அனுபவத்தின் அருமை தெரியும்.

ஒரு ரூபாய் சந்தா

1912-இல் பால்கன் போர் மூண்டு, துருக்கியப் பேரரசு துண்டாடப்படும் நிலை வந்தது. இந்திய முஸ்லிம்களின் உள்ளம் கொந்தளித்தது. ஷவ்கத் அலி அவர்களின் வாழ்விலும் திருப்பம் ஏற்பட்டது. அரசுப் பணியிலிருந்து விலகி, 1913-இல் லக்னோ ஃபிரங்கி மஹல் அறிஞர் மௌலானா அப்துல் பாரி அவர்களுடன் இணைந்து அஞ்சுமனே குத்தாமே கஅபா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். கஅபாவின் ஊழியர் சங்கம் என்பது அதன் பொருள். புனிதத் தலங்களின் கண்ணியம் காப்பதும் ஹாஜிகளுக்கு உதவுவதும் அதன் நோக்கங்கள். உறுப்பினர் சந்தா ஆண்டுக்கு ஒரு ரூபாய் மட்டுமே. ஏழையும் செல்வரும் ஒரே தொகையைச் செலுத்தி ஒரே வரிசையில் நிற்க வழி செய்யப்பட்டது. நேற்றுவரை உயர் அதிகாரியாக இருந்தவர், பம்பாயில் ஹாஜிகளின் பயண வசதிகளுக்காக அலைந்தார்.

அவர்கள் உடையும் மாறியது. ஆங்கிலப் பாணி உடைகள் அகன்றன. தளர்ந்த நீண்ட அங்கியும் பிறைச் சின்னம் பதித்த தொப்பியும் வந்தன. முகத்தில் தாடி வளர்ந்தது. புறத்தோற்றத்தில் நேர்ந்த இம்மாற்றம் அகத்தில் நேர்ந்த மாற்றத்தின் அடையாளமாகவே மக்களுக்குப் பட்டது.

முதல் உலகப் போரில் துருக்கி ஆங்கிலேயருக்கு எதிரணியில் நின்றதால், 1915 மே மாதம் இரு சகோதரர்களும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள். மெஹ்ரௌலி, லான்ஸ்டவுன், சிந்த்வாரா என்று இடங்கள் மாறின. இறுதியில் பேதூல் சிறை. 1919 டிசம்பர் வரை ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இடையே 1917-இல், அரசுக்கு எதிராகச் செயல்படுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் விடுதலை உண்டு எனத் தெரிவிக்கப்பட்டது. இஸ்லாத்தின்மீது தமக்குள்ள கடமைக்குக் குந்தகம் நேராதவகையில் என்ற நிபந்தனையைச் சேர்த்தே கையொப்பமிட இயலும் என்று அவர்கள் கூறினர். விடுதலை கிட்டவில்லை. பீ அம்மாவும் மக்களின் உறுதியைக் குலைக்கவில்லை. மாறாக அதனை வளர்த்தார்.

மதரஸாவில் ஓதிய என் போன்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. அலி சகோதரர்கள் மதரஸாவில் பயின்று பட்டம் பெற்றவர்கள் அல்லர். காவலில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் அவர்கள் திருக்குர்ஆனைப் பொருளுணர்ந்து ஆழ்ந்து ஓதினர். மௌலானா என்ற பட்டம் அதன் பின்னரே அவர்களை வந்தடைந்தது. மக்களும் அதனை மனமுவந்து ஏற்றனர். கல்லூரியில் படித்தவன் தீனுக்கு அந்நியன் என்று நாம் எண்ணினால், இத்தகையவர்களை இழந்துவிடுவோம்.

தமிழ் மண்ணில்

விடுதலையான சகோதரர்கள் நேரே அமிர்தசரஸ் நகரில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்றார்கள். அடுத்த ஆண்டு கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்தன. மத்திய கிலாஃபத் கமிட்டியின் செயலாளராக ஷவ்கத் அலி பொறுப்பேற்றார்கள். கிளைகளை அமைப்பது, தொண்டர்களைத் திரட்டுவது, நிதி சேர்ப்பது, சோர்ந்தவர்களை உற்சாகப்படுத்துவது ஆகியவை அவர்களின் அன்றாடப் பணியாயின. பேச்சிலும் எழுத்திலும் தம்பி ஓங்கி நின்றார். அமைப்பைக் கட்டியதில் அண்ணன் ஓங்கி நின்றார். பழைய அணித் தலைவர் மீண்டும் களத்தில் இறங்கியிருந்தார். இம்முறை அவருடைய அணி நாடு தழுவியது.

1920 ஆகஸ்ட் மாதத்தில் காந்தியடிகளும் ஷவ்கத் அலி அவர்களும் ஒன்றாகத் தென்னகம் வந்தார்கள். சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தில் உரையாற்றிய பின், ஆம்பூர், கும்பகோணம், நாகூர், திருச்சி ஆகிய ஊர்களைக் கண்டு, அங்கிருந்து கோழிக்கோடு சென்றார்கள். திருச்சியையும் கோழிக்கோட்டையும் இணைக்கும் இருப்புப்பாதை ஈரோட்டுடன் நம் திருப்பூரையும் கடந்து செல்வது என்பதை நினைக்கையில், அந்த வரலாறு நமக்குத் தொலைவில் நிகழ்ந்ததாகத் தோன்றவில்லை. மெலிந்த தேகமுடைய காந்தியடிகளும் மலைபோன்ற ஷவ்கத் அலியும் அருகருகே அமர்ந்திருந்த காட்சி மக்கள் மனத்தில் பதிந்தது. பெரியவரின் சட்டைப் பையில் சிறியவர் அடங்கிவிடுவார் என்று அக்காலத்தில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள்.

அவ்வியக்கம் கதராடையைக் கிராமந்தோறும் கொண்டு சேர்த்தது. முதுமையிலும் பீ அம்மா கதர் அணிவதை வலியுறுத்திப் பல ஊர்களுக்குச் சென்றார். 1920-களில் தென்னாட்டுக் கதர்த் தொழிலின் முக்கிய மையங்களுள் ஒன்றாகத் திருப்பூர் உயர்ந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். பின்னலாடைக்கு முன்னரே இவ்வூர் நூலால் பெயர் பெற்றது. அந்த நூலில் கிலாஃபத் தொண்டர்களின் உழைப்பும் ஓர் இழையாகச் சேர்ந்திருக்கிறது.

சொந்தக் கல்லூரியின் வாசலில்

அந்த ஆண்டின் மிகக் கடினமான சோதனை அலிகரில் காத்திருந்தது. அரசின் மானியம் பெறும் கல்வி நிலையங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பது ஒத்துழையாமை இயக்கத்தின் கொள்கை. பிறருடைய கல்லூரிகளைப் பார்த்து அவ்வாறு கூறுவது எளிது. தம்மை வளர்த்த கல்லூரி, தாம் அணித் தலைவராக வலம்வந்த மைதானம், தாம் நிதி திரட்டி உயர்த்தப் பாடுபட்ட நிலையம், அதனிடமே சென்று அரசு மானியத்தை உதறிவிடு என்று கேட்க வேண்டியிருந்தது. 1920 அக்டோபரில் காந்தியடிகளுடன் அலி சகோதரர்கள் அலிகருக்குச் சென்று மாணவர்களிடம் பேசினார்கள். கல்லூரி நிர்வாகத்தினர் ஏற்க மறுத்தனர். பழைய நண்பர்கள் பலர் முகம் திருப்பினர்.

ஆயினும் ஒரு பகுதி மாணவர்கள் எழுந்தனர். அவர்களுள் முன்னின்றவர் ஜாகிர் ஹுசைன் என்ற இளைஞர். 1920 அக்டோபர் 29-ஆம் நாள், அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தொடங்கப்பட்டது. மால்டாத் தீவுச் சிறையிலிருந்து மீண்டு நோயுற்றிருந்த தேவ்பந்து அறிஞர், ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹசன் அவர்கள் அதனைத் தொடங்கி வைத்தார்கள். அடுத்த மாதமே அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். முஹம்மது அலி அதன் முதல் துணைவேந்தரானார். 1925-இல் தில்லிக்குப் பெயர்ந்த அந்நிலையம் இன்று ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். அன்று எழுந்து நின்ற மாணவர் ஜாகிர் ஹுசைன் 1967-இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார்.

நம் தமிழகத்திலும் அதே அழைப்பைக் கேட்டுப் பி.ஏ. தேர்வு எழுதாமல் கல்லூரியைவிட்டு வெளியேறிய ஓர் இளைஞர் இருந்தார். திருநெல்வேலிப் பேட்டையைச் சேர்ந்த அவர், பிற்காலத்தில் காயிதே மில்லத் என்று போற்றப்பட்ட முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

அலிகர் கல்லூரியும் அழிந்துவிடவில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அது பல்கலைக்கழகமாகி இன்றளவும் சமுதாயத்திற்குப் பயன் தருகிறது. கல்லூரியில் தங்கியவர்கள் எல்லாரும் கோழைகளும் அல்லர். வெளியேறியவர்கள் எல்லாரும் வீரர்களும் அல்லர். ஆனால் தான் நேசித்த ஒன்றிடமே உண்மையெனப் பட்டதைச் சொல்லும் துணிவு சிலருக்கே வாய்க்கிறது.

தோல்வியைச் சுமந்த தோள்கள்

1921 ஜூலையில் கராச்சியில் நடைபெற்ற கிலாஃபத் மாநாடு, ஆங்கிலேயப் படையில் முஸ்லிம்கள் பணிபுரிவது மார்க்கத்திற்கு முரணானது என்று தீர்மானித்தது. அதற்காகச் சகோதரர்கள் கைது செய்யப்பட்டார்கள். காந்தியடிகளுடன் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த முஹம்மது அலி, செப்டம்பர் மாதம் வால்டேர் நிலையத்தில் பிடிக்கப்பட்டார். தனியே பயணத்தைத் தொடர்ந்த காந்தியடிகள் சில நாள்களில் மதுரையை அடைந்து, அங்கேதான் அரையாடைக்கு மாறினார்கள். கராச்சி வழக்கில் ஷவ்கத் அலி, முஹம்மது அலி, மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனி உள்ளிட்டோருக்கு இரண்டு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர்களுடன் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் ஒரு சங்கராச்சாரியாரும் இருந்தார், அவர் விடுவிக்கப்பட்டார்.

1923-இல் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அணி கலைந்திருந்தது. ஒத்துழையாமை நிறுத்தப்பட்டிருந்தது. இந்து முஸ்லிம் பூசல்கள் தலைதூக்கியிருந்தன. கிலாஃபத் நிதியில் ஒரு பெருந்தொகை அதனைப் பாதுகாக்க வேண்டியவரின் சொந்த வணிகத்தில் முடங்கிப் போயிருந்தது. ஏழை எளியவர்கள் அரையணா, ஓரணாவாகக் கொடுத்த பணம் அது. சிறையில் இருந்தவர்களும் அதற்கான பழிச்சொல்லைக் கேட்க வேண்டியதாயிற்று. ஆண்டறிக்கையுடன் வரவு செலவுக் கணக்கையும் அச்சிட்டு வெளியிடும் நம் ஜமாஅத்தின் வழக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று. எண்ணம் தூய்மையாக இருப்பது போதாது. கணக்கும் தெளிவாக இருக்க வேண்டும்.

1924 மார்ச் மாதம் துருக்கி அரசே கிலாஃபத்தை ஒழித்துவிட்டது. எதற்காக ஊர் ஊராக அலைந்தார்களோ, எதற்காகச் சிறை புகுந்தார்களோ, அதுவே இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு நவம்பரில் பீ அம்மாவும் மறைந்தார்.

அவ்வாண்டில் கோஹாட் நகரில் ஒரு கலவரம் மூண்டது. அதனை விசாரிக்கக் காந்தியடிகளும் ஷவ்கத் அலியும் 1925 பிப்ரவரியில் ராவல்பிண்டிக்குச் சென்று, ஒரே சாட்சிகளை ஒன்றாக அமர்ந்து விசாரித்தார்கள். முடிவில் இருவரும் வேறுபட்டனர். வேறுபாட்டை மறைத்து ஒரு போலி உடன்பாட்டை வெளியிடவில்லை. இரண்டு அறிக்கைகளையும் வெளிப்படையாக அச்சிட்டனர். எதிர்க்கருத்தைக் கேட்கவும் தன் கருத்தை மறைக்காமல் சொல்லவும் பழகியவர்களால்தான் அது இயலும். 1928-இல் நேரு அறிக்கையின்போது காங்கிரஸுடன் அவர்களுக்குப் பிளவு முற்றியது. பிற்காலத்தில் அவர்கள் முஸ்லிம் லீகில் இணைந்தார்கள். அந்த அரசியல் முடிவுகளைப் பற்றி அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. அவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று நாமும் கூறவில்லை.

1931 ஜனவரியில் முஹம்மது அலி லண்டனில் காலமாகி, பைத்துல் முகத்தஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். தாம் வளர்த்து, படிக்க வைத்து, சிறையிலும் உடனிருந்த தம்பியை இழந்த அண்ணன் அதன் பின்னும் ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அந்நகரில் கூடிய உலக இஸ்லாமிய மாநாட்டை நடத்தத் துணை நின்றார்கள். 1938 நவம்பரில் தில்லியில் அவர்கள் மறைந்தார்கள். ஜும்ஆ மஸ்ஜித் அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நமக்கு உரிய படிப்பினை

ஜமாஅத்தார்களே! நம் காதர்பேட்டையில் பிள்ளைகள் பத்து வயதிலேயே பனியன் துணியின் தரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அது அல்லாஹ் நமக்களித்த தொழிலறிவு. அதனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் தொழில் பழகுவதற்கு வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. கல்லூரி ஆண்டுகளோ மூன்று அல்லது நான்கு. வேறு சமயத்தவருடன், வேறு ஊரினருடன், வசதியில் மேலோருடனும் கீழோருடனும் தோளோடு தோள் நின்று ஒன்றைச் சாதிக்கப் பழகும் வாய்ப்பு அந்த ஆண்டுகளில்தான் எளிதாகக் கிட்டுகிறது. நாளை இந்த ஜமாஅத்தை நடத்த ஆள் வேண்டும். கூட்டத்தில் குரல் உயர்த்தாமல் வாதிடத் தெரிந்தவர், தோற்றாலும் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போகாதவர், பொதுப் பணத்திற்குக் கணக்கு வைக்கத் தெரிந்தவர் வேண்டும். அவர்களைத் திடீரென ஒரு பொதுக்குழுவில் கண்டெடுக்க இயலாது.

இளைஞர்களுக்கும் ஒன்று கூறுகிறேன். ஷவ்கத் அலி அவர்களின் அந்த 17 ஆண்டுகளை மறந்துவிடாதீர்கள். கோப்பையும் கைதட்டலும் ஒருவரை முழுமையாக்கிவிடுவதில்லை. பாங்கொலி கேட்டும் ஆட்டம் நிற்கவில்லையெனில், தேர்வுத்தாள் வெறுமையாகத் திரும்புமெனில், தேர்தல் வெற்றி தலைக்கனத்தில் முடியுமெனில், அந்த மைதானத்தில் நீங்கள் எதையும் கற்கவில்லை என்றே பொருள். கற்ற துணிவை யாருக்காகச் செலவிடுவது என்ற கேள்வியை முன்னதாகவே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது வயதுவரை காத்திருக்க வேண்டாம்.

இக்கட்டுரையை எழுதி முடித்த மறுநாள் அந்தத் தந்தையாரைக் கடைவீதியில் சந்தித்தேன். நான் கூறிய அறிவுரையை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். வாரத்தில் மூன்று மாலை மைதானத்திற்கு, மூன்று மாலை கம்பெனிக்கு, மஃக்ரிப் தொழுகை மட்டும் எந்நாளும் ஜமாஅத்துடன் என்று ஓர் ஒழுங்கு செய்யலாமே என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, பையனிடம் பேசிப் பார்ப்பதாகக் கூறினார். தவறாக அறிவுரை கூறியவன் திருத்திக்கொள்வதும் கடமையல்லவா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடல் வலிமையையும் அறிவையும் நன்மையின் வழியில் பயன்படச் செய்வானாக! மௌலானா ஷவ்கத் அலி அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் தியாகங்களை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.